வரிசையில் ஒன்பதாவது ஆள்

அவள் வந்து வரிசையின் கடைசியில் நின்றதைச் சோலைமலை பார்த்தபோது வெட்டுக்கத்தி ஆட்டுத்தொடையின் மூட்டுக்குள் பாதி இறங்கியிருந்தது. மீதியை இறக்கக் கை வரவில்லை. ஒன்பதாவது ஆள். எண்ண வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை, கண் தானாக எண்ணிவிட்டது. பச்சைச் சேலை, கையில் ஒயர் கூடை, நெற்றியிலிருந்து இடது இமை வரை இறங்கும் வெளுத்த தழும்பு, தழும்புக்குக் கீழே பாலாடை படிந்தது போல ஒரு கண். தவமணிதான். அவளை அவன் பார்த்ததெல்லாம் ஒரே ஓர் இடத்தில், பெரியாஸ்பத்திரியில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதாமாதம் கூட்டு மருந்து கொடுக்கும் அறைக்கு வெளியே, சுவரோரத்து நீல பெஞ்சில். அந்த பெஞ்சு எழுந்து நடந்து இந்தத் தெருவுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. "என்ன மாப்ள, கத்தி மாட்டிக்கிருச்சா?" என்றான் முத்திருளன். கடை முத்திருளனுடையது. சோலைமலையின் மனைவி பஞ்சவர்ணத்துக்கு உடன்பிறந்த அண்ணன். தராசுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவான். "இல்ல மச்சான்" என்று சோலைமலை கத்தியைப் பிடுங்கி ஓங்கிப் போட்டான். எலும்பு இரண்டாகி ஒரு சில்லு பறந்து அவன் கன்னத்தில் ஒட்டியது. ஓங்கும்போதுதான் விலாவில் அது அவனைக் கடித்தது. மூன்று நாளாகக் கடிக்கிறது. இடது முதுகில் தொடங்கி அக்குளுக்குக் கீழே வளைந்து நெஞ்சு நடுவில் வந்து நின்றுவிடும் ஒரு பட்டை, நான்கு விரல் அகலம், கொத்துக்கொத்தாகக் கொப்புளம். பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ தோலுக்கு அடியில் செருகி, அவன் கையை ஓங்கும்போது மட்டும் திருகுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை. நாளை மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. ஒரு மாசத்துக்கு வாயைக் கட்டப்போகிற ஊர் முழுக்க இன்று கறி தின்றாக வேண்டும். இன்னும் எத்தனை முறை ஓங்க வேண்டுமோ.

அக்கி என்று முத்திருளன்தான் முதல்நாளே கண்டுபிடித்தான். மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு படுத்திருந்தவனின் துண்டை உருவிப் பார்த்துவிட்டு, "அட, அக்கிடா மாப்ள, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று வண்டியில் உட்காரவைத்து அக்கி எழுதுகிற வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளங்களைச் சுற்றி ஒரு சிங்கம் வரைந்தார். சிங்கம் அக்கியைத் தின்றுவிடுமாம். நேற்றும் வரைந்தார். ஈரக் காவி பட்டதும் கொஞ்சம் குளிர்ந்தது நிஜம். காய்ந்ததும் சிங்கம் அவனைத் தின்னத் தொடங்கியது. யாரைத் தின்ன வேண்டுமென்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை போல. சோலைமலைக்கு இது என்னவென்று தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் உதட்டோரம் கொப்புளம் வந்தபோது டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "இது ஹெர்பீஸ் குடும்பம். உதட்டுல வர்றது, கீழ வர்றது, சின்ன வயசுல போடுற அம்மை, பெருசானதும் வர்ற அக்கி எல்லாம் ஒரே குடும்பந்தான். வந்தா போகாது. நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். உங்க உடம்புல காவல் இருக்குறவரைக்கும் தூங்கும். மாத்திரையை நிறுத்துனீங்கன்னா காவல் போயிரும், எந்திரிச்சுரும்." குடும்பம் என்று அவர் சொன்னது அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு கிருமி வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது, உள்ளே ஏற்கெனவே இன்னொரு குடும்பம் படுத்துக் கிடந்திருக்கிறது. ஏழு வயதில் அவனுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைமேல் கிடந்தவனை, குடித்துவிட்டு வந்த அப்பன் காலைப் பிடித்து வாசல்வரை இழுத்தான், படுக்க இடமில்லை என்று. முதுகுக் கொப்புளமெல்லாம் சிமெண்டுத் தரையில் உடைந்தன. அன்றைக்கு உள்ளே போய்ப் படுத்தது முப்பத்தோரு வருஷம் கழித்து எழுந்திருக்கிறது. அப்பன் செத்துப்போனான். அவன் இழுத்த இழுப்பு சாகவில்லை. "ஈரல் தனியா வேணும்ப்பா" என்றார் எதிரே நின்றவர். ஈரல் வழுக்கிக்கொண்டு கைக்குள் வந்தது, சூடு ஆறாமல். அதை நான்காக அரிந்தான். ஏழு பேர். அவளுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர்.

மாத்திரையை நிறுத்தி நாலு மாசம். நிறுத்த வேண்டுமென்று யார் நிறுத்தினார்கள். முத்திருளன் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறான். கட்டி முடியும்வரை குடும்பத்தோடு தங்கச்சி வீட்டில் இருக்கிறான். இரண்டே அறை. டப்பாவைத் திறந்தால் மாத்திரை கலகலக்கும். அரிசித் தூக்குக்குள் ஒளித்தான், முத்திருளன் பெண்டாட்டி அரிசி எடுத்தாள். அலமாரிக்கு மேலே வைத்தான், முத்திருளன் சீப்பைத் தேடினான். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவனின் வண்டியில் "எங்க மாப்ள, நானும் வர்றேன்" என்று முத்திருளன் பின்னால் ஏறிக்கொண்டான். சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். அதோடு விட்டாயிற்று. பஞ்சவர்ணம் ராத்திரி சோறு போடும்போது கண்ணாலேயே கேட்பாள், போட்டீங்களா என்று. இவனும் கண்ணாலேயே சொல்வான், போட்டேன் என்று. அவள் நம்புவாள். அவளுக்கு ஏன் நம்ப வேண்டும் என்று இருக்கிறது? கத்தி இறங்கியது. விலா எலும்பு வரிசையாகப் பிரிந்தது. இந்தக் கையால்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று இந்தக் கையால்தான் கதவைச் சாத்தினான். "எவன்கிட்டடி போன" என்றான். அவள் அடுப்பில் இருந்ததைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். முதல் அடி காதோரம். அவள் கேட்கவில்லை, எதுக்கு என்று. கேட்டிருந்தால் நின்றிருப்பானோ. கேட்காததாலேயே அடித்தான். முடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில், மறுபடி சுவரில். ஆந்திரப் பக்கம் ஆடு பிடிக்கப் போன நாட்களும், சந்தை ஊர்களின் லாட்ஜ் அறைகளும், முகம் நினைவில்லாத பெண்களும் அவனுக்குள்ளேயே நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கக்கூடாதென்றே இவளைப் பார்த்து அடித்தான். மணிக்கட்டைத் திருகியபோது ஒரு சத்தம் கேட்டது. தினமும் நூறு தடவை கேட்கிற சத்தம். கறிக்கட்டையில் கேட்டால் ஒன்றுமில்லை. அது அவள் கைக்குள்ளிருந்து வந்தது. நாலு நாள் கழித்து அவளுக்கும் சோதனை செய்தார்கள். ஆலோசனை சொல்லும் பெண் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நெகட்டிவ்" என்றாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் அவனைப் பார்க்கவில்லை, அந்தத் தாளையும் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். முத்திருளன் அன்றைக்கே ஆள் வைத்துக் குழாயடிப் பாசியைச் சுரண்டிக் கழுவிவிட்டுப் போனான். தெரிந்தால் கொன்றுவிடுவான். வார்த்தைக்குச் சொல்வதில்லை. தங்கச்சி கை முறிந்த கதை தெரிந்தால், இந்தக் கத்தியையே எடுத்து, இதே கட்டையில். கிருமி தெரிந்தால் கை தெரிந்துவிடும், கை தெரிந்தால் கத்தி. எல்லாம் ஒரே நூலில் கோத்துக் கிடக்கிறது, அந்த நூலின் நுனி அங்கே ஒயர் கூடையோடு நிற்கிறது. ஐந்து பேர்.

அவள் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால்? கத்தியின் பிடி வழுக்கியது, லுங்கியில் துடைத்துக்கொண்டான். இங்கிருந்து அவளுக்குப் பத்தடி. எறிந்தால் போய்ச் சேரும். கழுத்துக்குக் கீழே, பச்சைச் சேலை தோளில் மடிகிற இடத்தில். ஆட்டுக்கு எங்கே வைத்தால் சத்தம் வராது என்று அவனுக்குத் தெரியும், மனுஷிக்கும் அங்கேதான் இருக்கும். நாக்கு. ஆட்டுத்தலையைப் பிளந்து நாக்கைப் பிடித்து இழுத்து அடியோடு அறுக்கிற மாதிரி. இதோ இந்தத் தலை, கண் திறந்தபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு. ஓங்கிப் போட்டான். மண்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மூளை கொழகொழவென்று ஒன்றும் அறியாமல் இருந்தது. விலாவில் கம்பி திருகியது. அந்தப் பட்டையை அப்படியே அறுத்து எடுத்துவிட்டால் என்ன. நாலு விரல் அகலம், முதுகிலிருந்து நெஞ்சுவரை, தோலுரிக்கிற சின்னக் கத்தி போதும். "மாப்ள, மூஞ்சியெல்லாம் வேர்க்குது. வலிக்குதோ?" "இல்ல மச்சான்." "மூணாவது நாளும் எழுதிட்டா நின்னுரும். கடையடைச்சதும் போவோம்." சோலைமலை தன் கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கறி வெட்டலாமா என்று அவன் கேட்டபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தாராளமா வெட்டுங்க, கறியில எல்லாம் பரவாது. கையில காயம்பட்டா மட்டும் கட்டுப் போட்டுக்கங்க." அவருக்குத் தெரியும். இந்த வரிசைக்கு அது தெரியாது. மூன்று பேர். தவமணி முன்னால் நிற்கும் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாள்? அவனைக் காட்டித்தான் சொல்லியிருப்பாளோ? இல்லை, அவள் கை வானத்தைக் காட்டியது, மழையைப் பற்றி. முதல் மாசம் மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாந்தி எடுத்தவனுக்கு ஒரு புளிப்பு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். "வாயில அடக்கிக்கங்கண்ணே, ரெண்டு வாரத்துல சரியாயிரும். எனக்கெல்லாம் ஒரு மாசம் ஓடுச்சு." மாத்திரையைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஊர், தெரு, வேலை என்று எதையும் கேட்டதில்லை. வெளியில் பார்த்தால் யாருக்கும் யாரையும் தெரியாது, அந்த பெஞ்சில் அது சொல்லாத சட்டம். அப்படியிருக்க, இவள் ஏன் இந்தத் தெருவுக்கு வந்தாள்? வேறு கடையே இல்லையா? அந்த மிட்டாயின் புளிப்பு நாக்கில் ஊறியது, அதற்கும் சேர்த்து அவளை வெறுத்தான். ஒரு ஆள். அந்த ஆளுக்குக் குடல் வேண்டும். குடலைச் சுருட்டிப் பையில் போட்டான். பை போய்விட்டது. தராசுக்கு முன்னால் தகரம் அடித்த பலகையின் விளிம்பில் ஒரு கை வந்து அமர்ந்தது. ரப்பர் வளையல் இரண்டு, மஞ்சள் கறை படிந்த நகம்.

"முக்காக் கிலோண்ணே. கொஞ்சம் எலும்போட. மருமகன் வந்துருக்காரு" என்றாள் முத்திருளனைப் பார்த்து. பார்வை உள்ள அந்த ஒற்றைக் கண் ஒரு தடவை சோலைமலைமேல் வந்தது, சுவர்மேல் போவதுபோல் போய்விட்டது. தெரிந்துகொண்டாள். தெரியாத மாதிரி இருக்கிறாள். அவன் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது. முக்காக் கிலோ. சீக்கிரம். நெஞ்செலும்பை இழுத்துப் போட்டு ஓங்கினான். அவசரத்தில் ஓங்கியது. கம்பி இந்தத் தடவை முழுசாகத் திருகியது, கண் இருட்டியது, கத்தியைக் கட்டையில் விட்டுவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பனியன் கழுத்து சரிந்தது. காவிச் சிங்கத்தின் வாலும் அதற்குள் உடைந்த கொப்புளமும் தெரிந்திருக்க வேண்டும். "எத்தனை நாளாச்சு?" என்றாள் அவள். மெதுவாகத்தான் கேட்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. முத்திருளன் தலையைத் தூக்கினான். "தெரிஞ்சவங்களா மாப்ள?" "தெரியாதுண்ணே" என்றாள் அவள். "ஆஸ்பத்திரில பாத்தது" என்றான் இவன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. முத்திருளன் அவளையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்த ஆஸ்பத்திரில? ஒனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" சாதாரணமாகத்தான் கேட்டான். தராசுத் தட்டை நேராக்கிக்கொண்டே கேட்டான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அப்படியே போயிருக்கும் என்று பிற்பாடு சோலைமலைக்குத் தோன்றும், தோன்றிக்கொண்டே இருக்கும். ஆனால் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தவன் அந்த நொடியில் நிற்கத் தெரியாமல் ஓடினான். "பஞ்சவர்ணத்துக்குக் கை முறிஞ்சு கட்டுப் போடப் போனோம்ல, அப்ப. எதுத்தாப்ல ஒரு ரூம் இருக்கும். எய்ட்ஸ்காரங்களுக்கு மருந்து குடுக்குற ரூம். அங்க வரிசையில நின்னுச்சு இந்தம்மா. கண்ணு அப்படி இருந்ததால ஞாபகம்." வாய் பேசி முடித்தபோதுதான் காதுக்குக் கேட்டது. ஒரு தடவை ஓங்கினால் போதும், எலும்பு மறுபடி ஒட்டாது. அவன் கை கட்டையின்மேல் சும்மாதான் கிடந்தது, கத்தி அதற்கு ஒரு சாண் தள்ளி.

வரிசையில் தவமணிக்குப் பின்னால் நின்றவர் ஓரடி பின்வாங்கினார், அவருக்குப் பின்னால் நின்றவள் இரண்டடி. யாரோ ஒரு பெண், "இவுங்க எங்க ஸ்கூல்ல சத்துணவு ஆக்குறவுகதான?" என்றாள். "எம்மகன் அங்கதான சாப்புடுறான்" என்று இன்னொருத்தி சொன்னாள், யாரிடமும் இல்லாமல், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. முத்திருளனின் முகம் மாறியது. அவன் கெட்டவன் இல்லை. கடனுக்குக் கறி கேட்பவர்களிடம்கூட முகம் சுளிக்காதவன். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. கறி முடிஞ்சுருச்சு. வேற கடையில பாரு" என்றான். அவன் தலைக்கு மேலே கொக்கியில் ஒரு முழு ஆடு தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லுவாள். சோலைமலை காத்திருந்தான். சொல்லட்டும். சொன்னால் முடிந்துவிடும். ஒரே வார்த்தை, இவனும் அங்கதான், போதும். முத்திருளன் எழுந்து கத்தியை எடுப்பான், முதல் வெட்டு எங்கே விழும் என்றுகூடத் தெரிந்தது, விலாவில் அந்தப் பட்டையின்மேல் விழட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டான். தவமணி அவனைப் பார்த்தாள். பார்க்கிற கண்ணும் பார்க்காத கண்ணும் சேர்ந்து பார்த்தன. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். நீல பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கிற பார்வை அது. பிறகு வரிசையின் பக்கம் திரும்பினாள். "ஆமா, அங்கதான் மருந்து வாங்குறேன். பதினோரு வருஷமா. பதினோரு வருஷமாத்தான் ஒங்க புள்ளைகளுக்கும் ஆக்கிப் போடுறேன். எந்தப் புள்ளைக்காவது ஒரு காச்ச வந்துச்சா, கேட்டுப் பாருங்க" என்றாள். கூடையை எடுத்தாள். எடுத்தவள் நின்று, சோலைமலையிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "அக்கிக்கு ஊசி மாத்திரை இருக்கு. மூணு நாளைக்குள்ள போடணும். எனக்கு நாளு தள்ளிப் போய்த்தான் இந்தக் கண்ணு போச்சு. எழுதிக்கிட்டே இருக்காதீங்க, இன்னைக்கே போயிருங்க." தெருவில் அவளுக்கு வழி விட்டார்கள். இவ்வளவு அகலமாக யாருக்கும் வழி விட்டு அவன் பார்த்ததில்லை. முனைவரை அவள் நிதானமாகத்தான் நடந்தாள். முனை திரும்பியதும் நடை வேகமாவது தெரிந்தது. நாளை காலை பள்ளிக்கூட வாசலில் இந்த வரிசை போய் நிற்கும். இதே ஆட்கள், இதே முகங்கள். பானையை எடுத்து வெளியே வைப்பார்கள். மருமகனுக்கு யார் சொல்வார்கள்? யாராவது சொல்வார்கள். இன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார்கள்.

"நல்லவேள, சொன்ன மாப்ள" என்றான் முத்திருளன். அடுத்து நிற்க வேண்டியவர் இன்னும் ஓரடி தள்ளியே நின்றுகொண்டிருந்தார். பலகையை மோவாயால் காட்டினார். "அந்தம்மா கை வச்ச எடம். கழுவிட்டு வெட்டுப்பா." முத்திருளன் ஸ்டூலுக்கு அடியிலிருந்து டெட்டாலை எடுத்து நீட்டினான். சோலைமலை வாளித் தண்ணீரில் ஊற்றினான், தண்ணீர் வெளுத்தது. வெறுங்கையை உள்ளே விட்டு அள்ளி, அவள் விரல் இருந்த இடத்தில் ஊற்றினான். உள்ளங்கையால் தேய்த்தான். விரலிடுக்கில் எரிந்தது. "நல்லாத் தேயி" என்றார் எதிரே நின்றவர். தேய்த்தான். அந்தத் தகரத்தில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அங்கே கை வைத்தவர்களில் அவன் அஞ்ச வேண்டிய கை ஒன்றே ஒன்றுதான், அது இப்போது வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விளிம்பு, விளிம்புக்கு அடிப்பக்கம், தராசுத் தட்டு, தட்டின் சங்கிலி, அவள் தொடாததையும் சேர்த்துக் கழுவச் சொன்னார்கள், கழுவினான். எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை சுத்தப்படுத்துவதைப் பார்க்கப் பார்க்க அவர்கள் முகம் தெளிந்தது. வரிசை ஓரடி, இன்னும் ஓரடி முன்னால் வந்தது. அவர் பலகையருகே வந்துவிட்டார். வாய் திறந்துவிடும் என்று சோலைமலைக்குத் தோன்றியது. தொண்டைவரை வந்திருந்தது, நானும் அங்கதாங்க என்று, பஞ்சவர்ணத்தின் கை உட்பட மொத்தமும் வந்திருந்தது. வாயைத் திறந்தான்.

"தனிக்கறியா, எலும்போடயா?"

"எலும்போட" என்றார் அவர்.

வெட்டி, பையில் போட்டு நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.